மப்ளருக்கு அடியில்

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் என் கழுத்தை இரண்டு முறை திறந்தார்கள். முதல் முறை திறந்தது ஏற்கெனவே பேசி வைத்தபடி. இரண்டாவது முறை யாரும் எதிர்பாராதது. அதுவும் ஆபரேஷன் தியேட்டரில் இல்லை, வார்டில், என் கட்டிலிலேயே. ஸ்ரீவைகுண்டத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த இரண்டாவது கதையைத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "எந்த நர்ஸ் வே தப்பு பண்ணுனா?" என்கிறார்கள். வாயால் பதில் சொல்ல எனக்கு அப்போது குரல் இல்லை. இப்போதும் அது ஒரு பேரைச் சொல்லி முடிக்கிற பதில் அல்ல. அதனால் எழுதுகிறேன்.

நான் வாழைத்தார் ஏலம் கூறுகிறவன். எங்கள் மண்டியில் விடிந்ததும் தார்களை வரிசையாகச் சாத்தி வைப்பார்கள்: ஏத்தன், கதலி, நாடு, செவ்வாழை. அவற்றுக்கு நடுவில் நின்று நான் விலை கூறுவேன். லாரி இரைச்சல், சுமை தூக்குகிறவர்களின் அதட்டல், விவசாயியின் புலம்பல், வியாபாரியின் நக்கல், எல்லாவற்றுக்கும் மேலே என் குரல் கேட்க வேண்டும். கேட்கும். மைக் வைக்கலாமா என்று முதலாளி ஒருமுறை கேட்டதற்கு நான் அவரோடு சில நாள் பேசவில்லை. வீட்டிலும் எனக்கு அதே குரல்தான். "பக்கத்துல நிக்கிறவகிட்ட எதுக்கு ஆத்துக்கு அந்தக் கரைல நிக்கிறவகிட்ட பேசுத மாதிரி பேசுதிய?" என்று கேட்டே காலத்தைக் கழித்தவள் என் மனைவி தங்கபுஷ்பம்.

கட்டியைக் கண்டதும் அவள்தான். நான் சவரம் செய்துகொண்டே இடையில் தண்ணீர் குடித்தபோது, தொண்டையில் ஏதோ ஒன்று ஏறி இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"எல்லாருக்கும்தான் ஏறி இறங்கும். அதுக்குப் பேரு சங்கு" என்றேன்.

"சங்கு நடுவுல இருக்கும். இது ஓரமால்லா இருக்கு."

மறுநாள் பஸ் ஏறினோம்.

தைராய்டு என்பது சங்குக்குக் கீழே மூச்சுக்குழாயை முன்புறமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி. அதன் ஒரு பாதியில் கட்டி வளர்ந்திருந்தது. முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஊசி வலிக்கவில்லை, முடிவு வரும் வரை காத்திருந்ததுதான் பெரும்பாடு. காத்திருக்கும் கூடத்தில் என்னைப் போலக் கழுத்து நோய்க்காரர்கள் பலர் இருந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்தவர் கழுத்தைப் பார்த்துவிட்டு, நம்முடையது இதைவிடத் தேவலை என்று ஆளாளுக்குச் சமாதானம் செய்துகொண்டோம். முடிவு அப்படியும் இல்லாமல் இப்படியும் இல்லாமல் வந்தது. ஊசியால் சந்தேகம் தீரவில்லை, அந்தப் பாதியை எடுத்து முழுதாகச் சோதித்தால்தான் தீரும் என்றார் பெரிய டாக்டர்.

கேன்சரா என்று தங்கபுஷ்பம் கேட்டாள். நான் கேட்டது வேறு.

"டாக்டர், கொரலுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

அவர் பூசி மெழுகவில்லை. குரலை எழுப்புகிற தசைகளை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியின் பின்னால்தான் போகிறது. நூல் கனம்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வெட்டுவோம். அப்படியும் சிலருக்கு அது அயர்ந்துவிடும். பெரும்பாலும் சில மாதங்களில் தேறிவிடும், அபூர்வமாகத் தேறாமலும் போகலாம் என்றார். திரும்பும்போது ஆற்றுப் பாலம் தாண்டி ஊருக்குள் நுழையும் வரை கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவதை நினைத்துக்கூட இல்லை. சத்தம் இல்லாத தொண்டையோடு மண்டிக்குள் நுழைவதை நினைத்துத்தான்.

தங்கபுஷ்பத்தின் தம்பி ஞானராஜ் ஆபரேஷனுக்கு முதல் நாளே வந்து சேர்ந்தான். மலைமேல் தேயிலை எஸ்டேட்டில் பாதி ஆயுளைக் கழித்தவன். செலவை அவனே பார்த்துக்கொண்டான். எவ்வளவு என்று கேட்டதற்கு, "அத்தான், ஒம்ம வேலையப் பாரும்" என்றான். எனக்கு அப்போது இருந்த ஒரே வேலை படுத்திருப்பது.

எங்கள் வார்டுக்குப் பொறுப்பு எமிலி சிஸ்டர். ஐம்பதை நெருங்கும் வயது, குட்டையான உருவம். அவர்தான் பொறுப்பு என்பதே எனக்கு முதல் நாள் பாதிவரை தெரியாது. மண்டியில் யார் சத்தம் பெரிதோ அவன்தான் நாட்டாமை. இவரோ பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினார். ஆனால் அவர் பேசினால் மற்றவர்கள் கையில் இருப்பதை அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். டாக்டர்களும்தான்.

அங்கே நர்ஸ்கள் முறை மாறும்போது ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து போகிறவரும் வேலைக்கு வந்தவரும் சேர்ந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் வருவார்கள். போகிறவர் நோயாளியைப் பற்றிச் சொல்ல, வந்தவர் அதைத் திருப்பிச் சொல்லுவார். "சுகர் மாத்திரை நிறுத்தியாச்சு." "சுகர் மாத்திரை நிறுத்தியாச்சு." பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருந்ததால் எனக்குச் சிரிப்பு வந்தது.

"எதுக்கு சிஸ்டர், சொன்னதையே சொல்லுதாவ? காது கேக்காதா?" என்று எமிலி சிஸ்டரிடம் கேட்டேன்.

"ஏலத்துல நீங்க ஒரு வெல சொன்னா, எழுதுறவரு என்ன செய்வாரு அண்ணாச்சி?"

"அவன் சத்தமாத் திருப்பிச் சொல்லித்தான் எழுதணும். இல்லேன்னா அம்பதுங்கான், அறுவதுங்கான், சண்டை வந்துரும்."

"இங்கயும் அதுதான். இங்க சண்டை வராது, வேற வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

என் தலைமாட்டில் பச்சைத் துணி மூடிய சின்ன ஸ்டீல் தட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன். கத்தரி, இடுக்கி, கையுறை, பஞ்சு. தைராய்டு ஆபரேஷன் முடிந்து வருகிறவர் கட்டிலில் அது எப்போதும் இருக்குமாம். தேவைப்படாது என்றார் எமிலி சிஸ்டர். தேவைப்பட்டால் அப்போது போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது என்றும் சொன்னார். தங்கபுஷ்பம் அந்தத் தட்டைப் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் என் பேரைக் கேட்டார்கள். உள்ளே வந்தபோது கேட்டார்கள், மேசையில் ஏற்றியபோது கேட்டார்கள், இப்போது மறுபடியும். "செல்லத்துரைதான். இன்னும் மாத்தல" என்றேன். ஒரு நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள். எந்தப் பக்கத்து ஆபரேஷன் என்றதற்குப் பெரிய டாக்டரே, "இடது பக்கம்" என்று பணிவாகப் பதில் சொன்னார். அத்தனை பெரிய மனிதரை ஒரு சின்னப் பெண் கேள்வி கேட்க, அவர் அதைக் கௌரவக் குறைவாக நினைக்காதது எனக்குப் பிடித்திருந்தது. அதற்குள் கண் சொருகிவிட்டது.

மத்தியானத்துக்குள் வார்டுக்குத் திரும்பிவிட்டேன். கழுத்தில் கட்டு, கட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையில் சின்ன பாட்டில். உள்ளே கசிகிற ரத்தம் அதில் வந்து சேரும். 'டிரெய்ன்' என்பார்கள் நர்ஸ்கள். பெரிய டாக்டர் வந்து, "ஈன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். குரல் கம்மியிருந்தாலும் என் குரல்தான். அவர் தலையாட்டிச் சிரித்தார். தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் அதிகம் பேசக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரம். மண்டியே கிளம்பி வந்துவிட்டது. பேசக் கூடாத ஆளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேள்வி கேட்டார்கள். குற்றாலத்தில் சாரல் காலம். காற்று பாளையங்கோட்டை வரை வந்து ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது. அது போதாதென்று வார்டில் ஏசி வேறு. வந்தவர்களில் ஒருத்தி, "பச்சப் புண்ணு, இப்படித் தொறந்து போட்டுருக்கியள? காத்துப் பட்டா இழுத்துக்கிடும்லா" என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னாள். உடனே ஞானராஜ் தன் பையிலிருந்து எஸ்டேட் மப்ளரை எடுத்துக் கொடுத்தான். தங்கபுஷ்பம் அதைப் பைய, வலிக்காமல், என் கழுத்தையும் காதையும் சேர்த்துச் சுற்றினாள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் யார் நோயில் படுத்தாலும் இதைத்தான் செய்வார்கள். கதகதப்பாக, சுகமாக இருந்தது.

ஆட்களிடமிருந்து தப்பிக்க நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் சாயங்கால முறை நர்ஸ் மாரிச்செல்வி என்னைப் பார்க்க வந்தாள். ஆலங்குளம் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை, சிரித்த முகம். நாடி பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். கழுத்துப் பக்கம் கை கொண்டுபோனபோது தங்கபுஷ்பம் தடுத்துவிட்டாள்.

"இப்பத்தான் கண்ணசந்தாவ. எழுப்பாதிய தாயி."

"சரிக்கா, தூங்கட்டும்" என்றாள் மாரிச்செல்வி. பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தம் கொஞ்சமாகத்தான் இருந்தது. அது நல்ல அடையாளம்தானே என்று அவளும் நினைத்தாள், எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதால்தான் பாட்டிலுக்கு வரவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. வெளியே வர வழியில்லாத ரத்தம் கழுத்துக்குள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. சேரச் சேர அது மூச்சுக்குழாயை நெருக்கும்.

கழுத்து இறுகுவது எனக்குத் தெரிந்தது. மப்ளரைத்தான் நினைத்தேன். தங்கபுஷ்பத்திடம் கையால் சைகை காட்டினேன். அவள் ஒரு சுற்றைத் தளர்த்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சைகை காட்டினேன், மறுபடியும் தளர்த்தினாள். எச்சில் விழுங்க முடியவில்லை. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இனம் தெரியாத ஒரு கலக்கம். ஆபரேஷன் ஆன உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இருட்டத் தொடங்கியபோது முறை மாறியது. ராத்திரி முறைக்கு வந்தவள் பெனிட்டா. மாரிச்செல்வியைவிட நாலைந்து வயது மூத்தவள், அதிகம் சிரிக்காதவள். ஆபரேஷன் உள்ள நாட்களில் இந்தக் கை மாற்றும் வேலை முடியும் வரை எமிலி சிஸ்டர் வீட்டுக்குப் போக மாட்டார். வார்டின் மறுகோடியில் நின்றிருந்தார். மாரிச்செல்வி என் கட்டிலருகே சொல்லத் தொடங்கினாள். பெனிட்டா திருப்பிச் சொன்னாள்.

"பிரஷர் நார்மல்."

"பிரஷர் நார்மல்."

"டிரெய்ன்ல கொஞ்சமாத்தான் வந்திருக்கு."

"டிரெய்ன்ல கொஞ்சமாத்தான் வந்திருக்கு."

"கழுத்துல கட்டு நல்லாருக்கு. வீக்கம் இல்ல."

பெனிட்டா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. மப்ளரைப் பார்த்தாள்.

"கண்ணால பாத்தியா மாரி?"

நான் அந்த நிமிஷத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். மாரிச்செல்வி முறை முடிந்து கிளம்ப வேண்டியவள். புதுசாகச் சேர்ந்தவள். நோயாளியின் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மேல் சிஸ்டர் வார்டிலேயே இருக்கிறார். பார்த்தேன் என்று சொன்னால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. பெனிட்டா திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருப்பாள்.

"இல்லக்கா" என்றாள் மாரிச்செல்வி.

பெனிட்டா மப்ளரைப் பிரித்தாள். அவள் முகம் மாறியதைத்தான் நான் பார்த்தேன். என் கழுத்தை என்னால் பார்க்க முடியாதே. தாடைக்குக் கீழே ஒரு பக்கம் புடைத்து, கட்டின் விளிம்பு தோலில் பதிந்திருந்ததாம். நான் மூச்சு இழுத்தபோது, தொண்டையிலிருந்து ஊதல் போல ஒரு சத்தம் வந்தது. அது என்னிடமிருந்துதான் வருகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எமிலி சிஸ்டர், இங்கன வாங்க. ரத்தம் கட்டுது" என்றாள் பெனிட்டா. கத்தவில்லை.

எமிலி சிஸ்டர் வந்த வேகத்தையும் அவர் பேசிய நிதானத்தையும் எனக்குச் சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஒவ்வொரு வேலை கொடுத்தார். பெனிட்டா தலைமாட்டில் நின்று என்னை நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். டூட்டி டாக்டரை உடனே வரச் சொல்ல ஓர் ஆயா ஓடினார். மாரிச்செல்வி அழுதுகொண்டு ஓரமாக நின்றாள்.

"மாரி, நீ பெரிய டாக்டருக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போட்டுட்டு இங்கனயே நில்லு. ஆக்ஸிஜன் அளவை நீதான் அவருக்குச் சொல்லணும்."

அவளை வெளியே போ என்று சொல்லவில்லை. மாரிச்செல்வி கண்ணைத் துடைத்துவிட்டு என் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்து அளவைச் சொல்லத் தொடங்கினாள். நடுங்கினாலும் குரல் தெளிவாகத்தான் இருந்தது. அளவு குறைந்துகொண்டே வந்தது.

டூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். தட்டின் பச்சைத் துணியை எடுத்துவிட்டுக் கத்தரியைப் பார்த்தபடி நின்றார்.

"சார் வந்துரட்டுமே சிஸ்டர்."

"அவர் வர்ற வரைக்கும் இவருக்கு மூச்சு காணாது டாக்டர். நீங்க பிரிங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

மாரிச்செல்வியின் கையிலிருந்த போனில் பெரிய டாக்டரின் குரல் கேட்டது. "பிரிச்சிருங்க. நான் வண்டியில வந்துக்கிட்டுதான் இருக்கேன்."

"தையலப் பிரிக்கேன் சார்" என்றார் சின்னவர், திருப்பிச் சொல்கிற மாதிரியே.

கத்தரி தோலில் பட்ட குளிர்ச்சி நினைவிருக்கிறது. வலித்திருக்க வேண்டும், நினைவில் இல்லை. தையல் ஒவ்வொன்றாக விட, மார்பில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. பிறகு மூச்சு வந்தது. ஒரே ஒரு மூச்சு, முழுசாக. நான் எத்தனையோ வருஷமாக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விலை கூறுகிறவன், அதுவரை ஒரு மூச்சைக்கூட மதித்ததில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினார்கள். கதவருகே தங்கபுஷ்பம் மப்ளரைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் முகத்தை என்னால் மறக்க முடியாது.

பெரிய டாக்டர் வந்து உறைந்த ரத்தத்தை எடுத்து, கசிந்த ரத்தக்குழாயைக் கட்டி, மறுபடியும் தைத்தார். ஐசியுவில் கண் விழித்தேன். பிழைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த தடவை "ஈ" சொல்லச் சொன்னபோது காற்று மட்டும் வந்தது.

மூக்கு வழியாக ஒரு சின்ன கேமராவை விட்டுப் பார்த்தார்கள். தொண்டைக்குள் குரல் எழுப்ப இரண்டு நாண்கள் ஒன்றோடொன்று சேர வேண்டும். எனக்கு இடது நாண் அசையவில்லை. நரம்பு நசுங்கியிருக்கலாம், வீங்கியிருக்கலாம். தேறும் என்று எதிர்பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். எடுத்த கட்டியில் கேன்சர் இல்லை என்ற முடிவும் அதே சமயத்தில்தான் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதைவிடக் கஷ்டம் தங்கபுஷ்பம். வார்டுக்கு என்னை மாற்றிய பிறகும் அவள் கட்டில் பக்கம் வரவில்லை. கஞ்சியை ஞானராஜிடம் கொடுத்துவிட்டு வார்டுக்கு வெளியே நடையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை மட்டும் அருகில் வந்து, "நாந்தான் ஒங்க கழுத்த நெரிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இல்லை என்று சொல்ல எனக்குச் சத்தம் இல்லை. கூப்பிட்டால் திரும்பியிருப்பாள். கூப்பிட முடியவில்லை. நான் அழுதேன், அதுவும் சத்தமில்லாமல்தான்.

எமிலி சிஸ்டர் இதையெல்லாம் கவனித்திருக்கிறார். அந்த வார்டில் ஏதாவது தவறிப்போனால் சம்பந்தப்பட்ட எல்லோரும் உட்கார்ந்து பேசுவது வழக்கமாம். "இந்தத் தடவ ஒங்க கட்டில் பக்கத்துலயே பேசலாமா அண்ணாச்சி? அக்காவும் இருக்கட்டும்" என்று கேட்டார். தலையாட்டினேன். தங்கபுஷ்பத்தை அவரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் கால்மாட்டில் உட்காரவைத்தார். பெனிட்டா, மாரிச்செல்வி, டூட்டி டாக்டர், பெரிய டாக்டர் எல்லோரும் இருந்தார்கள். பெரிய டாக்டர்தான் முதலில் பேசினார்.

"கழுத்த மூடாதீங்கன்னு மத்தியானம் நான் வந்தப்பவே வீட்டுக்காரங்ககிட்ட சொல்லியிருக்கணும். நான் குரலை மட்டும் பார்த்துட்டுச் சந்தோஷமாப் போயிட்டேன்."

அவர் அப்படித் தொடங்கியதால் மற்றவர்களுக்கு வாய் வந்தது என்று நினைக்கிறேன். கத்தரியை எடுக்கத் தயங்கியதை டூட்டி டாக்டர் சொன்னார். மாரிச்செல்வி எழுந்து நின்றாள். "நான் கழுத்தப் பாக்கல. பாட்டிலப் பாத்துட்டு நல்லாருக்குன்னு நானே முடிவு பண்ணிட்டேன்" என்றாள். உட்காரவே மறந்துபோய் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய" என்றாள் தங்கபுஷ்பம். "அவ பாக்கத்தான் வந்தா. நாந்தான் விடல. நாந்தான் சுத்துனேன்."

"யாரு சுத்துனான்னு இங்க யாரும் கேக்கல அக்கா" என்றார் எமிலி சிஸ்டர். "சுத்தக் கூடாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? நாங்க ஒருத்தரும் சொல்லல. இனி ஒவ்வொரு கட்டில்லயும் சொல்லணும். கழுத்த மூடாதீங்கன்னு எழுதிப் போடலாம்னு நெனைக்கேன்."

தங்கபுஷ்பம் கொஞ்சம் யோசித்தாள். "மூடாதியன்னு மட்டும் சொன்னா எங்காளுக கேக்க மாட்டாவ சிஸ்டர். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு என்ன தெரியும், காத்து பட்டுரும்னு, நீங்க அங்கிட்டுப் போனதும் மூடிருவாவ. மூடுனா வீக்கம் கண்ணுக்குத் தெரியாது, மூச்சு அடைக்கும்னு காரணத்தச் சொல்லுங்க. குளுந்தா காலுக்குப் போத்துங்கன்னு அதையும் சேத்துச் சொல்லுங்க. ஏதாவது ஒண்ணப் போத்தாம எங்களுக்கு மனசு கேக்காது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பெனிட்டாகூடச் சிரித்தாள். எமிலி சிஸ்டர் அதை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டி, சரியாக இருக்கிறதா என்று தங்கபுஷ்பத்திடம் கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவள் எனக்குக் கஞ்சி ஊட்டினாள். அடிக்கடி நிறுத்திவிட்டு என் கழுத்தை உற்றுப் பார்த்தாள்.

ஊரில் கேட்கிற கேள்விக்கு இதுதான் என் பதில். அந்தப் பெண் தப்பு செய்தாள், உண்மைதான். நாங்கள் எல்லோரும் அன்பாகச் சேர்ந்து அந்தத் தப்பைச் செய்தோம், அதுவும் உண்மை. ஆனால் என் உயிர் அவள் சொன்ன "இல்லக்கா"வில்தான் தங்கியது. அதைச் சொல்லத் தைரியம் மட்டும் போதாது. சொன்னால் கடித்துக் குதறாத ஒரு மேல் சிஸ்டரும் அந்த வார்டில் இருக்க வேண்டும். எங்கள் மண்டியில் எழுதுகிறவன் ஒரு விலையைத் தவறவிட்டால் நான் போடுகிற சத்தத்தில் அவன் அடுத்த தடவை தவறவிட்டதை ஒளிக்கத்தான் பார்ப்பான். படுத்திருந்தபோது இதை நிறைய யோசித்தேன்.

இதை மாரிச்செல்வியிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தேன். அவள்தான் அகப்படவில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகு கேமரா முடிவு அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஏலக்காரர் குரல் தன்னால் போனது என்று பெனிட்டாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். என் கட்டிலுக்கு வேறு யாராவது வந்தார்கள். நான் வீட்டுக்குக் கிளம்பியபோதுகூட அவள் மருந்தறையை விட்டு வெளியே வரவில்லை.

வீட்டில் சில மாதம் ரகசியம் பேசுகிறவனாக இருந்தேன். மண்டியில் வேறொருவர் ஏலம் கூறினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் நன்றாகவே கூறினார், அது எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண், சுவரைக் கையால் தள்ளிக்கொண்டே "ஆ" சொல்லப் பழக்கினார். தள்ளும்போது நாண்கள் நெருங்குமாம். காலையும் மாலையும் வீட்டுச் சுவரைத் தள்ளினேன். "செவரு விழுந்துரும், பையத் தள்ளுங்க" என்று சொல்லிக்கொண்டே தங்கபுஷ்பம் நான் ஒரு வேளையும் தவறவிடாமல் பார்த்துக்கொண்டாள். காற்றுக்கு நடுவே கரகரப்பாக ஒரு சத்தம் வரத் தொடங்கியது. பிறகு ஒரு வாரம் வரும், மறுவாரம் போய்விடும். பழைய குரல் இல்லை அது. கிழிந்த ஓலையை இழுப்பதுபோல் இருந்தது.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். கேமராவில் இடது நாண் அசைந்தது. முழுதாக இல்லை, ஆனால் அசைகிறது என்று பெரிய டாக்டர் திரையைத் தொட்டுக் காட்டினார். எமிலி சிஸ்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று பழைய வார்டுக்கு நடந்தோம். வார்டுக்கு வெளியே இருந்தது நீளமான நடை. அதன் மறுகோடியில் மாரிச்செல்வி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டாள். கண்டதும் வண்டியைத் திருப்பி, பக்கத்து அறைக்குள் நுழையப் போனாள்.

நான் சுவரில் கையை ஊன்றி, மூச்சை இழுத்து, "ஏ மாரிச்செல்வி" என்று கூப்பிட்டேன்.

நடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். குரல் பாதியில் உடைந்தது, ஆனால் கோடி வரைக்கும் போனது. வண்டி நின்றது. அவள் முதுகைக் காட்டியபடியே நின்றாள். பிறகு வண்டியை அப்படியே விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

எமிலி சிஸ்டர் வார்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது ஆஸ்பத்திரி" என்றார், எப்போதும் போல மெதுவாக.

"இன்னொரு வாட்டி கூப்பிடுங்க அண்ணாச்சி" என்றாள் மாரிச்செல்வி.

எமிலி சிஸ்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூப்பிட்டேன்.